தைபே 2017 மேடை: ஜூனியர் பெண் ஸ்கேட்டரை எடைபோடுவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2017 மார்ச்சில் தைபேயில் உலக ஜூனியர் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி நடந்தது. பெண்கள் பிரிவில் ரஷ்யாவின் அலினா ஜாகிடோவா 208.60 புள்ளிகளோடு தங்கம் வாங்கினார். ஜப்பானின் மரின் ஹோண்டா 201.61 எடுத்து வெள்ளி. இன்னொரு ஜப்பானியரான காவோரி சகமோட்டோ 195.54-உடன் வெண்கலம். ஜாகிடோவாவுக்கு அப்போது வயது 14, ஹோண்டாவுக்கு 15. சகமோட்டோவுக்கு 17 ஆக மூன்று, நான்கு வாரம்தான் பாக்கி.

இந்த மூவரில் யார் மேலே வருவார் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் பேச்சு முதல் இருவரைச் சுற்றித்தான் ஓடியிருக்கும். ஹோண்டா முந்தைய ஆண்டு டெப்ரெசெனில் ஜூனியர் உலகப் பட்டம் வென்றவர். ஜாகிடோவாவோ 2016 டிசம்பரில் மார்செயில் நடந்த ஜூனியர் கிராண்ட் ப்ரீ இறுதியில் 207.43 எடுத்து, ஜூனியர் பெண்களில் 200-ஐத் தாண்டிய முதல் ஆளாகியிருந்தார். சகமோட்டோ மார்செயிலும் மூன்றாவது, தைபேயிலும் மூன்றாவது. மூவரிலும் வயது கூடியவரும் அவரே. வயது கூடியவர் பின்தங்கி நிற்கிறார் என்றால் கணிப்பாளர்கள் வழக்கமாக ஒரு கோடு போட்டு அடித்துவிடுவார்கள்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஜாகிடோவா பதினொரே மாதத்தில் பியோங்சாங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2019-இல் சைதாமாவில் உலகப் பட்டம். அதே ஆண்டு டிசம்பரில், 17 வயதில், போட்டிகளிலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தார். ஹோண்டா ஒலிம்பிக் அணிக்குள் ஒருமுறைகூட வரவில்லை. 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். சகமோட்டோ 2018 ஒலிம்பிக்கில் ஆறாவது, 2022 பெய்ஜிங்கில் வெண்கலம், 2022, 2023, 2024 என்று அடுத்தடுத்து மூன்று உலகப் பட்டங்கள். பெண்கள் பிரிவில் அப்படி மூன்றை அடுக்கியவர் அவருக்கு முன் கடைசியாக 1966 முதல் 1968 வரை வென்ற பெக்கி ஃபிளெமிங்தான்.

இதை வைத்து “ஜாகிடோவா என்று சொன்னவர்கள் ஏமாந்தார்கள்” என்று எழுதினால் அது அபத்தம். ஒலிம்பிக் தங்கத்தைக் கணித்தவரை ஏமாந்தவர் என்று யார் சொல்வது? 2018 பிப்ரவரிக்கான கேள்வி என்றால் ஜாகிடோவாதான் சரியான விடை. 2023-க்கான கேள்வி என்றால் சகமோட்டோ. ஒரு ஜூனியரின் எதிர்காலம் பற்றிய எந்தக் கணிப்பும் தேதி போடாமல் இருந்தால் அது கணிப்பே இல்லை. தேதி போட்டுவிட்டால், ஒவ்வொரு ஸ்கேட்டரின் புள்ளிகளும் எதன்மேல் நிற்கின்றன, அந்தத் தேதிவரை அது தாங்குமா என்று மட்டும் பார்த்தால் போதும். தைபே மேடையை அந்தக் கண்ணோடு பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஜாகிடோவாவின் புள்ளிகள் எதன்மேல் நின்றன

முதல் தூண் ஒரு விதி. அந்தக் காலத்தில் நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் செய்யும் ஒவ்வொரு தாவலுக்கும் அடிப்படை மதிப்பெண்ணில் 10 சதவீதம் கூடுதல். கால் சோர்ந்த பிறகு தாவுவது கடினம் என்பதற்காக வைத்த சலுகை அது. ஜாகிடோவாவின் ஃப்ரீ ஸ்கேட்டில் (போட்டியின் இரண்டு நிகழ்ச்சிகளில் நீளமானது) முதல் பாதியில் சுழல்களும் அடிவைப்பும் மட்டுமே. ஏழு தாவல் வரிசைகளும் இரண்டாம் பாதியில் சரசரவென்று வந்துவிழும். ஏழின் அடிப்படை மதிப்பெண் கூடி 50 வருகிறது என்று வைத்துக்கொண்டால் இந்த ஏற்பாட்டில் மட்டும் 5 புள்ளி. பியோங்சாங்கில் அவருக்கும் இரண்டாவதாக வந்த எவ்ஜெனியா மெட்வெடேவாவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 1.31. ஃப்ரீ ஸ்கேட்டில் இருவரும் அச்சுப் பிசகாமல் 156.65.

இரண்டாவது தூண் ஒரு தாவல் ஜோடி: டிரிபிள் லட்ஸ், அதன் வாலிலேயே டிரிபிள் லூப். (லட்ஸ், லூப், டோ லூப், ஃப்ளிப் எல்லாம் கிளம்பும் விதத்தால் வேறுபடும் தாவல்கள்; டிரிபிள் என்றால் மூன்று சுற்று.) இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும் ஸ்கேட்டர் எந்தத் தாவலிலும் வலதுகாலின் பின்வெளி விளிம்பில்தான், அதாவது பின்னோக்கிப் போகும்போது பிளேடின் வெளிப்பக்க விளிம்பில்தான், இறங்குவார். டோ லூப்பை இரண்டாவதாக இணைத்தால் இடதுகால் முனைப்பல்லை (பிளேடின் நுனியில் உள்ள பல்) பனியில் குத்தி உந்தலாம். கொஞ்சம் குறையாக இறங்கியிருந்தாலும் சமாளிக்க ஒரு கைத்தடி உண்டு. லூப்புக்கு அது கிடையாது. இறங்கிய அதே வலதுகால், அதே விளிம்பு, அதே முழங்கால். மடங்கி எழுந்து மறுபடி மூன்று சுற்று. முதல் தாவலில் கால்வாசிச் சுற்று குறைந்தால்கூட விளிம்பின் வளைவு கெட்டுவிடும். இரண்டாவதாக வரும் லூப் இரண்டு சுற்றில் அவிழும், இல்லையென்றால் குறையாக இறங்கும். அன்றைய அட்டவணையில் லட்ஸ் 6.0, லூப் 5.1, கூட்டி 11.1. இரண்டாம் பாதிச் சலுகையோடு 12.21. சீனியர்களிலேயே இதை நம்பி எடுத்துவந்தவர்கள் மிகச் சிலர்.

மூன்றாவது தூண் உடம்பு. மெலிந்த, குறுகிய உடல். காற்றில் அதிக உயரம் இல்லை, ஆனால் சுற்று படுவேகம். கைகளைத் தலைக்குமேல் தூக்கியபடி தாவுவார். காற்றில் உடம்பை மாறுபட்ட நிலையில் வைப்பதற்கு அப்போது தரப்புள்ளி (தாவலின் தரத்துக்கு நடுவர்கள் கூட்டும் புள்ளி) உண்டு.

மூன்று தூண்களும் 2017 மார்ச்சில் உறுதியாக நின்றன. ஆனால் மூன்றுமே தேதி போட்ட தூண்கள். ஒலிம்பிக் முடிந்த கோடையிலேயே இரண்டாம் பாதிச் சலுகை சுருக்கப்பட்டது: ஷார்ட் புரோகிராமில் (இரண்டில் குறுகிய நிகழ்ச்சி) கடைசி ஒரு தாவலுக்கும், ஃப்ரீ ஸ்கேட்டில் கடைசி மூன்றுக்கும் மட்டும். கை தூக்குவதற்கான தனிப் புள்ளியும் போனது. உடம்பு வளர்வதை எந்தச் சங்கமும் நிறுத்தப்போவதில்லை. ஒலிம்பிக் முடிந்த சில வாரங்களில் மிலானில் நடந்த உலகப் போட்டியில் அவர் பலமுறை விழுந்து ஐந்தாவது ஆனார். அதற்கு அடுத்த ஆண்டே மீண்டும் எழுந்து உலகப் பட்டம் வென்றார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இதிலிருந்து தெரிவது, அவருடைய லட்ஸ், லூப் இரண்டின் அடிப்படையும் சலுகையை எடுத்துவிட்ட பிறகும் நிற்கும் அளவுக்கு நன்றாக இருந்தது என்பது. அவரைச் சலுகையின் பிள்ளை என்று மட்டும் எழுதியவர்கள் சைதாமாவைப் பார்க்கவில்லை.

சகமோட்டோவின் டபுள் ஆக்சல்

ஆக்சல் ஒன்றுதான் முன்னோக்கிக் கிளம்பும் தாவல். ஆகவே டபுள் ஆக்சலுக்கு இரண்டரைச் சுற்று. சீனியர் பெண்களுக்கு அது எளிய தாவல், 3.3 புள்ளி. கணிப்பாளர்கள் அதைப் பார்க்கும்போது தண்ணீர் குடிக்கப் போவார்கள். சகமோட்டோவை எடைபோட வேண்டிய இடமே அதுதான்.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பின்வெளி விளிம்பில் நீண்ட வளைவாக வருகிறார்; வேகத்தைக் குறைப்பதில்லை. பெரும்பாலான ஜூனியர்கள் கிளம்பும் முன் கால்நொடி நின்று தயாராவார்கள்; தோள் இறுகும், பிளேடு பனியைச் சுரண்டும். இவரிடம் அது இல்லை. இடதுகால் முன்வெளி விளிம்பில் வைத்ததும் முழங்கால் ஆழமாக மடங்கி எழுகிறது, வலதுகால் முன்னால் வீசிச் செல்கிறது. ஏறும்போது உடம்பு உடனே இறுகவில்லை. மேலே போன பிறகுதான் சுற்றத் தொடங்குவதுபோல் தெரியும். இறங்கும் முன்பே சுற்று முடிந்து உடம்பு அவிழ்கிறது. பிறகு முக்கியமான ஒன்று: இறங்கிய விளிம்பில் அவர் வந்த வேகத்தோடு வெளியே ஓடுகிறார். அடுத்த அடி எடுத்து வைக்காமலே ரிங்க்கின் ஓரத்துக்குப் போய்விடுவார்போல் இருக்கும்.

மேலே போய்ச் சுற்ற நேரம் இருக்கிறது, சுற்றி முடித்த பிறகும் நேரம் மிச்சம் இருக்கிறது. இந்த மிச்சத்தைத்தான் கணிப்பாளர் தேட வேண்டும். மதிப்பெண் தாளில் அதற்கு நேரடியான பத்தி இல்லை.

2018-இல் அந்த மிச்சத்துக்கு விலை வந்தது. தாவலின் தரத்துக்கு −3 முதல் +3 வரை இருந்த அளவுகோல் −5 முதல் +5 வரை விரிந்தது. ஒவ்வொரு படிக்கும் அடிப்படை மதிப்பெண்ணில் 10 சதவீதம். டிரிபிள் ஃப்ளிப்புக்கு முன்பு அதிகபட்சம் 2.1 கூடும், இப்போது 2.65. இதைவிடப் பெரியது நிபந்தனை: +4, +5 வேண்டுமென்றால் மிக நல்ல உயரமும் தூரமும், நல்ல கிளம்பலும் இறங்கலும், சிரமமில்லாத ஓட்டம் ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். சகமோட்டோவுக்கு இவை பிறவிச் சொத்துபோல இருந்தவை. 2017-இல் மூன்றாம் இடம் கொடுத்த அதே தாவல்கள், விதி மாறியதும் உயர்ந்த விலைக்குப் போயின.

ஒரு கணக்கு பார்க்கலாம். இன்றைய அட்டவணையில் டிரிபிள் லட்ஸ் 5.9. கால்வாசிச் சுற்றுக்கு மேல், அரைச் சுற்றுக்குள் குறைந்தால் மதிப்பெண் தாளில் ஒற்றைக் கோண அடையாளம் (<) விழும். அடிப்படை 80 சதவீதமாகி 4.72. நடுவர்கள் சராசரியாக −3 கொடுத்தால் 1.42 கழியும், கையில் 3.30. சராசரி +4 வாங்கிய டபுள் ஆக்சல் 3.3 கூட்டல் 1.32, ஆக 4.62. “எளிய” தாவல் கடினமான தாவலை 1.32 புள்ளியால் முந்திவிட்டது. ஜூனியர் போட்டியில் ஐந்து வகை டிரிபிளும் செய்கிறார் என்று ஒருவரைப் புகழ்வதற்கு முன், அந்த ஐந்தில் எத்தனை தாவலுக்குப் பக்கத்தில் இந்த அடையாளம் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கண்ணுக்குப் பதில் சட்டகம்

உயரத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் தவறும். சின்ன உடல் குறைந்த உயரத்தில் தாவினாலும் பெரிதாகத் தோன்றும். கேமரா தாழ்வாக இருந்தால் எல்லோரும் பறக்கிறார்கள். வீடியோவின் சட்டகங்களை (ஃப்ரேம்களை) எண்ணுவதே வழி. முனைப்பல் பனியை விட்ட சட்டகத்திலிருந்து மறுபடி பனியைத் தொட்ட சட்டகம் வரை எண்ணி, நொடிக்கு எத்தனை சட்டகம் என்பதால் வகுத்தால் காற்றில் இருந்த நேரம். அந்த நேரத்தைத் தன்னாலேயே பெருக்கி 1.23-ஆல் பெருக்கினால் மீட்டரில் உயரம். 0.5 நொடி என்றால் சுமார் 31 சென்டிமீட்டர், 0.6 என்றால் 44.

இங்கே இரண்டு கண்ணிகள். நொடிக்கு 30 சட்டகம் உள்ள வீடியோவில் ஒரு சட்டகம் பிசகினால் உயரம் ஐந்து சென்டிமீட்டர் பிசகும். 60 சட்டகமாவது வேண்டும். பயிற்சியில் நேரில் எடுக்க முடிந்தால் கைபேசியின் 240 சட்டக மெதுவோட்டம் நல்லது. இரண்டாவது, கிளம்பும்போது கால் நீட்டியிருக்கும், இறங்கும்போது முழங்கால் மடங்கியிருந்தால் பனியைத் தொடுவது தள்ளிப்போகும். நேரம் பொய்யாகக் கூடும். உட்கார்ந்து இறங்குகிறவரின் எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

காகிதத்தில் மூன்று சுற்று என்றாலும் காற்றில் அத்தனையும் நடப்பதில்லை. கிளம்பும்போதே பிளேடு பனியில் கொஞ்சம் திரும்பிவிடும். அது எல்லோருக்கும் உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி. டோ லூப்பிலும் ஃப்ளிப்பிலும் முனைப்பல் குத்திய பிறகு பிளேடு அரைச் சுற்றுக்கு மேல் பனியிலேயே அரைத்துத் திரும்பினால், அந்த ஸ்கேட்டர் டிரிபிள் என்ற பெயரில் காற்றில் செய்வது இரண்டரைக்கும் குறைவு. தொழில்நுட்பக் குழு பெரும்பாலும் இறங்கலைத்தான் மீள்பார்வையில் பார்க்கும். ஆகவே ஜூனியர் நிலையில் இது அபராதமின்றி நழுவிவிடும். நான்கு சுற்றுக்குப் போகும்போது கடன் திரும்பக் கேட்கப்படும்.

உடம்பு வளரும்போது

14 வயதில் 150 சென்டிமீட்டர் இருந்த பெண் 157 சொச்சம் ஆகிறாள் என்று வைத்துக்கொள்வோம், 5 சதவீத வளர்ச்சி. எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் சுற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு நீளத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும்: சுமார் 28 சதவீதம். தசை பலமோ குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது அவ்வளவு ஏறாது. நிஜத்தில் விகிதமும் மாறும், இடுப்பு அகலும், சமநிலைப் புள்ளி நகரும். ஒரே பருவத்தில் இரண்டு முறை பூட்ஸ் மாற்ற நேரிடும். புதிய பூட்ஸ் பழக வாரங்கள் ஆகும், பிளேடு ஒரு நூல் தள்ளிப் பொருத்தப்பட்டால் லட்ஸின் விளிம்பே தடுமாறும்.

தாழ்வாகத் தாவி வேகமாகச் சுற்றுகிறவரிடம் இருப்பது ஒரே கருவி, சுற்றின் வேகம். அது குறைந்ததும் மாற்று இல்லை. உயரமாகத் தாவி நிதானமாகச் சுற்றுகிறவர் சுற்றின் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் மிச்ச நேரத்திலிருந்து ஈடுகட்டுவார். சகமோட்டோ 16 வயதில் தைபே வந்தபோது வளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்துவிட்டிருந்தார். “வயது கூடியவர்” என்று கழித்த அதே செய்தி, இன்னொரு பக்கம் திருப்பினால் “இந்தத் தாவல்கள் வளர்ந்த உடம்பின் தாவல்கள்” என்று படிக்கலாம். 14 வயதுக்காரரின் டிரிபிளும் 17-ஐ நெருங்குபவரின் டிரிபிளும் மதிப்பெண் தாளில் ஒன்றே, கணிப்பில் ஒன்றல்ல.

அலைசா லியூ இதற்கு இன்னொரு சாட்சி. 2019 ஜனவரியில் 13 வயதில் அமெரிக்க சாம்பியன். அந்தப் பட்டம் வென்றவர்களில் மிக இளையவர். அதே ஆகஸ்டில் லேக் பிளாசிடில் ஒரே நிகழ்ச்சியில் நான்கு சுற்று லட்ஸும் டிரிபிள் ஆக்சலும் செய்த முதல் பெண். 2020 ஜூனியர் உலகப் போட்டியில் வெண்கலம். பிறகு வளர்ந்தார், நான்கு சுற்று போனது. 2022-இல் உலகப் போட்டி வெண்கலத்தோடு 16 வயதில் விலகினார். இரண்டாண்டு கழித்துத் திரும்பி வந்து, 2025 மார்ச்சில் பாஸ்டனில் 222.97 புள்ளியோடு உலகப் பட்டம் வென்றார். இரண்டாவது யார் என்றால் சகமோட்டோ, 217.98. லியூவின் நிகழ்ச்சியில் நான்கு சுற்றும் இல்லை, டிரிபிள் ஆக்சலும் இல்லை. 2019-இல் அவரைப் புகழ்ந்தவர்கள் புகழ்ந்த தாவல்களில் ஒன்றுகூட பாஸ்டனில் இல்லை. அன்று யாரும் குறித்துக்கொள்ளாத இறங்கலும் வேகமும் இருந்தன. (ஜூனியர் வெண்கலத்தில் ஏதோ மந்திரம் இருப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 சோபியாவில் எட்டாவது வந்த ரிகா கிஹிரா அதே டிசம்பரில் சீனியர் கிராண்ட் ப்ரீ இறுதியில் ஜாகிடோவாவை வென்றார்.)

குறை எல்லாம் ஒரே குறை அல்ல

சகமோட்டோவின் லட்ஸ் ஒருபோதும் சுத்தமாக இருந்ததில்லை. லட்ஸுக்கு இடதுகாலின் பின்வெளி விளிம்பில் நீண்டு வந்து, அந்த விளிம்பை விடாமல் வலது முனைப்பல்லைக் குத்தி, வளைவுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். உடம்பு அதை விரும்பாது. கடைசிக் கணத்தில் கணுக்கால் உள்விளிம்புக்குச் சாய்ந்துவிடும். பெயர் லட்ஸ், செயல் ஃப்ளிப். விளிம்பு தெளிவில்லை என்றால் மதிப்பெண் தாளில் வியப்புக்குறி. தவறு என்றே முடிவானால் அடிப்படையும் 80 சதவீதமாகும். பல ஆண்டுகளாக இந்த அடையாளங்கள் அவர் தாளில் வந்துபோய்க்கொண்டே இருந்தன.

கணிப்புப் படிவத்தில் (ஸ்கேட்டரைப் பற்றிக் கணிப்பாளர் குறித்துவைக்கும் தாளில்) இதையும் சுற்றுக் குறைவையும் ஒரே பத்தியில் போடுகிறவர்கள் உண்டு. அது பெரிய தவறு. விளிம்புக் குறை ஒரு தாவலோடு நிற்கும். அதிகபட்சம் இரண்டு முறை செய்யும் தாவல், இழப்பு எண்ணிவிடக்கூடியது. சுற்றுக் குறை என்பது உயரமும் நேரமும் போதவில்லை என்று உடம்பு சொல்வது. இன்று லட்ஸில், நாளை ஃப்ளிப்பில், வளர்ந்த பிறகு எல்லாவற்றிலும் வரும். முதலாவது பழக்கம், இரண்டாவது வரம்பு. பழக்கம் அரிதாகவே திருந்தும். அதைச் சுமந்துகொண்டே உலகப் பட்டம் வெல்லலாம் என்பதற்கு அவரே மூன்று முறை ஆதாரம்.

கலைக்கூறுகளின் புள்ளியை, அதாவது தனித்தனித் தாவல்களுக்கு அல்லாமல் முழு நிகழ்ச்சியின் தன்மைக்கு நடுவர்கள் தரும் புள்ளியை, ஜூனியரில் படிப்பதும் இப்படித்தான். நடுவர்கள் ஜூனியர்களுக்கு இயல்பாகவே கையை இறுக்கிப் போடுவார்கள். அங்கே அரைப் புள்ளி வித்தியாசம் கண்ணில் படாது. சீனியர் ஃப்ரீ ஸ்கேட்டில் இன்று மூன்று கூறுகளை 2.67-ஆல் பெருக்குகிறார்கள். மூன்றிலும் ஒரு புள்ளி உயர்ந்தால் 8.01. நான்கு சுற்று டோ லூப்பின் அடிப்படையே 9.5தான், அதுவும் பெண்கள் ஷார்ட் புரோகிராமில் நான்கு சுற்றுக்கு அனுமதி இல்லை. ஆழ்ந்த விளிம்போடு வேகமாகப் போகிற பெண்ணுக்கு இந்தப் பணம் வங்கியில் இருக்கிறது, முதிர்வுத் தேதி மட்டும் தள்ளி.

ஹோண்டாவும் வரிசையும்

ஹோண்டாவைத் தேர்ந்தவர்கள் பார்த்ததும் பொய்யில்லை. இசையைக் கேட்டு உடம்பு அசையும் விதம் அவர் வயதில் அபூர்வம். சீனியர் நுழைவும் நன்றாகத்தான் தொடங்கியது: 2017 செப்டம்பரில் சால்ட் லேக் சிட்டியில் தங்கம். பிறகு இரண்டு கிராண்ட் ப்ரீ போட்டிகளிலும் ஐந்தாவது, டிசம்பரில் ஜப்பான் தேசியப் போட்டியில் ஏழாவது. பியோங்சாங்குக்கு ஜப்பானியப் பெண்களுக்கு இரண்டே இடம். சதோகோ மியாஹராவும் சகமோட்டோவும் போனார்கள். இதை ஒரே காரணத்துக்குள் அடக்கிக் கதை கட்டுவது சோம்பேறித்தனம். படிவத்தில் எழுத வேண்டியது வரிசை. ஜப்பானிலும் ரஷ்யாவிலும் ஒரு தவறுக்கு மன்னிப்பு கிடையாது. உங்களுக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். வேறு பல நாடுகளில் ஏழாவது வந்தவருக்கு அடுத்த ஆண்டும் உலகப் போட்டி இருக்கும்.

அனஸ்தாசியா குபனோவாவின் பாதை இதைக் காட்டும். 2016 மார்செய் இறுதியில் ஜாகிடோவாவுக்கு அடுத்த இடம் அவருக்கு. ரஷ்ய வரிசையில் அதற்குப் பிறகு இடம் கிடைக்கவில்லை. ஜார்ஜியாவுக்கு மாறினார், 2023-இல் எஸ்பூவில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். திறமை அதேதான், கொடி மாறியதும் கதவு திறந்தது.

சகமோட்டோவின் மூன்று பட்டங்களுக்கும் இதே நேர்மை வேண்டும். பெய்ஜிங்கில் அவர் 233.13. ஐந்து நான்கு-சுற்றுத் தாவல்களோடு வந்த அலெக்சாந்திரா ட்ருசோவா 251.73, அன்னா ஷெர்பகோவா 255.95. அவருடைய வழிக்கு இருந்த உச்சவரம்பு அங்கே பளிச்சென்று தெரிந்தது: வெள்ளிக்கே 18.60 புள்ளி தூரம். சில வாரத்தில் உக்ரைன் படையெடுப்பை ஒட்டி ரஷ்யர்கள் விலக்கப்பட்டார்கள். மொன்பெலியேவில் நடந்த 2022 உலகப் போட்டியில் 236.09 எடுத்து சகமோட்டோ வென்றது அந்தக் களத்தில். எந்தக் கணிப்பாளரும் 2017-இல் இதை எழுதியிருக்க முடியாது. ஆனால் ஐந்தாண்டு கழித்தும் களத்தில் நிற்பவருக்குத்தான் இப்படிப்பட்ட கதவு திறந்தால் உள்ளே போக முடியும் என்பது எழுதக்கூடியதே.

படிவத்தை எப்படி நிரப்புவது

ஒரு போட்டியின் முடிவை வைத்து நிரப்பக் கூடாது. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் ஒவ்வொரு போட்டியின் விரிவான மதிப்பெண் தாளையும் வெளியிடுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் ஒவ்வொரு நடுவரும் போட்டது அதில் இருக்கும். ஒரு பருவத்தின் ஆறேழு தாள்களை அடுக்கி, தாவல்வாரியாகக் குறியுங்கள்: எத்தனை முயற்சி, எத்தனை சுற்றுக் குறை, சுற்று சரியாகக் கால்வாசி குறைந்ததற்கு இப்போது போடப்படும் அடையாளம் எத்தனை, விளிம்பு அடையாளம் எத்தனை. விழுந்ததைத் தனியாக எழுதுங்கள். சுற்றை முழுதாக முடித்து விழுந்தவருக்கும், குறையாக இறங்கித் தப்பித்தவருக்கும் இடையே முன்னவர்தான் நல்ல முதலீடு. தேசியப் போட்டிகளின் புள்ளிகளைச் சேர்க்காதீர்கள். சொந்த வீட்டில் கை தாராளம்.

அடுத்தது கடைசி மூன்று தாவல்கள். ஜூனியர் ஃப்ரீ ஸ்கேட் மூன்றரை நிமிடம், சீனியர் நான்கு. மூன்றாம் நிமிடத்தில் வேகம் விழுகிறவர் அந்த அரை நிமிடத்தில் இன்னும் விழுவார். போட்டிக்கு முந்தைய பயிற்சி நேரத்தைப் பார்க்கக் கிடைத்தால் போட்டியைவிட அது மேல்: ஒரு தாவல் தவறிய பிறகு அடுத்த முயற்சிக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார், வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறாரா, அப்படியே வருகிறாரா.

கடைசியாக வயது, அதுவும் மாதக் கணக்கில். 2022 ஜூனில் புக்கெட்டில் கூடிய சங்கத்தின் பேரவை சீனியர் குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17 ஆக்கியது. பருவம் தொடங்கும் ஜூலை 1-க்கு முன் அந்த வயது நிறைந்திருக்க வேண்டும். ஜாகிடோவாவின் பாதை, அதாவது 14-இல் ஜூனியர் பட்டம், 15-இல் ஒலிம்பிக் தங்கம், இந்த விதியில் சாத்தியமே இல்லை. இப்போது ஜூனியர் பட்டம் வென்ற 14 வயதுக்காரர் இரண்டு, மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில்தான் உடம்பு மாறும்.

மாவோ ஷிமாடாவின் படிவம் இதனால் தனி. 2023 கால்கரி, 2024 தைபே, 2025 டெப்ரெசென் என்று தொடர்ந்து மூன்று ஜூனியர் உலகப் பட்டம். டிரிபிள் ஆக்சலும் நான்கு சுற்று டோ லூப்பும் கையில். பிறந்தது 2008 அக்டோபர் 30. நான்கு மாதத்தில் 2026 ஒலிம்பிக் வயது தப்பிவிட்டது. அந்த மூன்று முறையும் அவருக்கு அடுத்து வெள்ளியில் நின்றவர் கொரியாவின் ஷின் ஜி-ஆ. 2022-இல் இசபோ லெவிட்டோவுக்குப் பின்னாலும் அவரே வெள்ளி, ஆக நான்கு முறை. அவர் பிறந்தது 2008 மார்ச். வயது வரம்புக்குள் வந்துவிட்டார். 2026-க்குத் தேதி போட்டால் ஷின்னின் படிவத்தைத்தான் திறக்க வேண்டும், ஷிமாடாவினுடையதை 2030 என்று தலைப்பிட்டு வைக்க வேண்டும். அதில் முதல் வரியாக எழுத வேண்டியது பட்டங்களை அல்ல: 14 வயதில் அவருடைய டிரிபிள் ஆக்சல் காற்றில் எத்தனை சட்டகம், 17-இல் எத்தனை.